சாராயக் குத்தகையும் சர்க்காரின் கடமையும்

சிங்கப்பூர் நகரின் நடுவே ஹோங் லிம் பூங்கா என்று ஒரு சிறிய புல்வெளி இருக்கிறது. பொதுஜனங்கள் நின்று தங்கள் அபிப்பிராயத்தை வாய்விட்டுச் சொல்வதற்கென்று 2000-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட இடம் அதுவாகையால், அதன் பெயரை அறியாதவர் அந்நகரில் மிகச் சிலரே. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் செய்த தொழில் என்ன என்று கேட்டால், விடை தெரியாமல் நிற்பவர்களே அநேகர். சியாங் ஹோங் லிம் என்னும் அந்தச் சீன வணிகர், ஜனங்கள் உலாவி இளைப்பாற ஒரு தோட்டம் வேண்டும் என்று 1876-ல் 3,000 வெள்ளி நன்கொடை அளித்தவர். தம் தந்தையைப் போலவே, அந்தத் தீவில் அபினியும் சாராயமும் விற்கும் ஏகபோக உரிமையைக் குடியேற்ற சர்க்காரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்தியவரும் அவரே. கோலாலம்பூரில் ஒரு பெருஞ்சாலைக்குப் பெயர் தந்திருக்கும் லோக் இயூ என்ற ஈயச் சுரங்க அதிபரும், சிலாங்கூரின் சாராயக் குத்தகையையும் சூதாட்டக் குத்தகையையும் ஏற்று நடத்தியவர். கல்வி ஸ்தாபனங்களுக்கு வாரி வழங்கிய வள்ளல் என்றும் பெயர் பெற்றவர்.

இந்த இருவருடைய தர்மசிந்தனையைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. எந்த வியாபாரத்தைச் சட்டம் அனுமதித்ததோ, எதை நடத்த வருமாறு சர்க்காரே விலை கேட்டு அழைத்ததோ, அதையே அவர்கள் நடத்தினார்கள். ஈட்டிய பொருளில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்பியும் தந்தார்கள். என் விசாரமெல்லாம் அவர்களுக்குப் பின்னால் நின்ற பெரிய பங்காளியைப் பற்றியது. சிங்கப்பூர், பினாங்கு முதலிய நீரிணைக் குடியேற்றங்களிலும் பின்னர் மலாய் மாநிலங்களிலும் நூறாண்டுகளுக்கு மேலாக, குடிவகைகளை விற்க உரிமம் வழங்கிய ஆட்சி, உரிமம் கேட்டு வந்தவனிடம் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேட்டுவந்தது: நீ எவ்வளவு தருவாய்? எந்தத் தெருவில் அந்தக் கடை திறக்கப்படுமோ அந்தத் தெருவில் குடியிருப்பவனிடம், இது உனக்கு வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் அந்த ஆட்சிக்கு இருந்ததில்லை. அந்த இரண்டாவது கேள்வியை இன்றாவது முதற் கேள்வியாக்க வேண்டும் என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

கதையின் ஆரம்பத்தைப் பார்ப்போம். பினாங்குத் தீவில் 1786-ல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளைக் குத்தகைக்கு விடும் முறை அங்கே வேரூன்றத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் 1819-ல் புதிய துறைமுகத்தை நிறுவிய ராபிள்ஸ், அங்கே வந்துபோகும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது என்பதை அதன் மூலாதாரக் கொள்கையாக வைத்துவிட்டுப் தம் பதவியிடமான பெங்கூலனுக்குப் போய்விட்டார். ஊரை ஆளும் பொறுப்பு வில்லியம் ஃபார்குவார் தலையில் விழுந்தது. நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்துகொண்டிருந்த ஊருக்குக் காவற்படை வேண்டும், சாலை வேண்டும், பாலம் வேண்டும். இவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும்? 1820-ல் ஃபார்குவார், ராபிள்ஸின் ஆட்சேபத்தையும் மீறி, பினாங்கின் வழியைப் பின்பற்றிக் குத்தகைகளை ஏலம் விட்டார்.

சுங்கமில்லாத் துறைமுகம் என்ற கீர்த்தி மிக்க கொள்கையின் மறுபக்கம் இதுதான் என்பதை நாம் நிதானமாக உணர வேண்டும். வரி விதிக்கக்கூடாது என்று முடிவு செய்யப்பட்டது வியாபாரத்துக்கு. ஆட்சி நடத்தப் பணம் வேண்டும் என்பதோ மாறாத நிலைமை. ஐரோப்பிய வர்த்தகர்கள் தங்கள் மீது எந்த வரி வந்தாலும் கூட்டம் கூட்டி எதிர்க்கவும், லண்டன் வரையில் மனு அனுப்பவும் வல்லவர்கள். மூட்டை சுமக்கும் கூலிக்கு மனு எழுதத் தெரியாது. ஆகவே கப்பலேறி வந்த பட்டும் கிராம்பும் வரியின்றிக் கரையேற, அவற்றை முதுகில் சுமந்து இறக்கியவனுடைய மாலை நேரத்துக் குவளையின் மீது வரி ஏறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபினியும் சாராயமும் சேர்ந்து அந்தச் சர்க்காரின் மொத்த வருமானத்தில் பாதியளவுக்கு வந்து நின்ற ஆண்டுகள் பல.

ராபிள்ஸ் 1822-ல் திரும்பி வந்தபோது இதைக் கண்டு மனம் நொந்தார் என்பதும், 1823-ல் சூதாட்டத்தை அறவே தடை செய்தார் என்பதும் உண்மையே. ஆனால் அபினியையும் சாராயத்தையும் அவர் தடுக்கவில்லை. கனமான தீர்வை விதித்தால் ஜனங்கள் அவற்றை விட்டு விலகுவார்கள் என்று நம்பினார். அவருக்குப் பின் வந்த ஜான் கிராஃபர்ட் சூதாட்டக் குத்தகையையும் உயிர்ப்பித்துவிட, 1829-ல்தான் அது மீண்டும் ஒழிந்தது. சூதாட்டத்தைக் கண்டு கூசிய மனசாட்சி சாராயத்தைக் கண்டு மட்டும் சமாதானம் அடைந்ததன் காரணத்தை வேதாந்தத்தில் தேட வேண்டியதில்லை. கணக்குப் புஸ்தகத்தில் தேடினால் போதும். நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் முதல் தேதி வரையில் இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டவை என்பதையும் நினைவுகூர வேண்டும். சாராய உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைக்காரனை இடையில் நிறுத்தும் அப்காரி முறை சென்னை ராஜதானியின் கிராமங்கள் நன்கறிந்த ஒன்றே. கடல் கடந்து போன தமிழன், தன் ஊரில் விட்டுவந்த ஏற்பாட்டையே அங்கேயும் கண்டான்.

குத்தகை நடந்த விதம் மிக எளிது. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பின்னாளில் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, சாராயம் காய்ச்சவும் விற்கவும் உள்ள பிரத்தியேக உரிமையைச் சர்க்கார் போட்டிக்கு விடும். அதிகத் தொகை சொன்னவர் குத்தகைக்காரர். அவர் மாதந்தோறும் தவறாமல் பணம் கட்ட வேண்டும். சில்லறைக் கடைக்காரன் சர்க்கார் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. குத்தகைக்காரரிடம் சீட்டுப் பெற்று, அவர் காய்ச்சிய சரக்கையே வாங்கி விற்க வேண்டும். குத்தகைக்காரர் தம் உரிமையைக் காத்துக்கொள்ளச் சிந்தெங் என்று பெயர் கொண்ட சொந்தக் காவலாட்களை வைத்திருந்தார். அவர்கள் கள்ளச் சரக்கைத் தேடி வீடு புகுந்து சோதிப்பார்கள், ஆளைப் பிடிப்பார்கள், பிடிபட்டவனைச் சர்க்காரின் நீதிமன்றம் தண்டிக்கும். இவ்வாறு வரி வாங்கும் வேலையையும், வேவு பார்க்கும் வேலையையும், ஜனங்களின் வெறுப்பைச் சுமக்கும் வேலையையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சர்க்கார் மாதம் பிறந்ததும் வரும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டது.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த சச்சரவுகள் கொஞ்சமல்ல. குத்தகையை இழந்த கோஷ்டி, குத்தகை பெற்ற கோஷ்டியை நஷ்டத்தில் ஆழ்த்த, அடுத்திருந்த ஜொகூரிலிருந்தும் ரியாவ் தீவுகளிலிருந்தும் கள்ளச் சரக்கை இறக்கும். இரகசியச் சங்கங்களின் கைகலப்புகளுக்குப் பின்னால் பல சமயம் இந்தப் போட்டியே மறைந்திருந்தது. 1870-ஆம் ஆண்டில் ஹோங் லிம்மும் அவருடைய பழைய போட்டியாளர்களும் ஒன்றுகூடிப் பெருங்கூட்டு ஒன்றை ஏற்படுத்தி, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாய் வரையில் அண்டை நாட்டுக் குத்தகைகளையும் தம் கைக்குள் வைத்திருந்தார்கள். போட்டி ஓய்ந்தது கண்டு சர்க்கார் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? மகிழவில்லை, போட்டியில்லாவிட்டால் ஏலத்தொகை உயராது என்ற கவலையே அதை ஆட்கொண்டது. அமைதியையும் வருமானத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தபோது அந்த ஆட்சியின் முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

இத்தனை பணமும் யாருடையது? தென்சீனத்தின் ஃபூக்கியனிலிருந்தும் குவாங்துங்கிலிருந்தும் பயணக் கடனோடு கப்பலேறி வந்த சின்கே என்னும் புதுக்கூலிகளுடையது. மிளகுத் தோட்டத்திலும், தோல் பதனிட உதவும் கம்பிர்த் தோட்டத்திலும், பேராக், சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களிலும் அவர்கள் உழைத்தார்கள். பெண்டு பிள்ளைகள் இல்லை. சுரமும் வயிற்றுக் கடுப்பும் ஓயாத துணை. அவர்களுக்கு அரிசியையும் உப்புமீனையும் அபினியையும் சாராயத்தையும் கடனாகக் கொடுத்தவர், பெரும்பாலும் வேலை கொடுத்த தவுக்கே என்னும் சீன முதலாளியோ அவருக்கு முதல் போட்டவரோதான். விலையை அவரே நிர்ணயித்தார், கணக்கை அவரே எழுதினார், ஆண்டு முடிவில் கூலியிலிருந்து அவரே கழித்துக்கொண்டார். ஆகவே கூலியாக வெளியே போன காசு, சாராயத்தின் வழியாக உள்ளே திரும்பியது. உள்ளே திரும்பியதில் ஒரு பங்கு குத்தகைப் பணமாகிச் சர்க்காரின் கஜானாவைச் சேர்ந்தது. உழைத்தவன் கையில் எஞ்சியது, ஊருக்குத் திரும்பிப் போக முடியாத கடன்.

இங்கே சீனர்களைப் பற்றி நியாயமான ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் வாழ்க்கையில் மதுவுக்கு உரிய இடம் குடிகாரனின் மேஜை மட்டுமன்று. முன்னோர்க்குப் படையல் வைக்கையில் சிறு கிண்ணங்களில் மது வார்ப்பது அவர்கள் சம்பிரதாயம். பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் கோழியும் அரிசி மதுவும் சேர்த்துச் சமைத்துக் கொடுப்பது அவர்களுடைய பிரசவ பத்தியம். வேர்களையும் பட்டைகளையும் மதுவில் ஊறவைத்து மூட்டுவலிக்குக் கொடுப்பது அவர்களுடைய வைத்தியம். கலியாண விருந்தில் பெரியோர்க்குக் கிண்ணம் உயர்த்துவது மரியாதை. அவர்கள் காய்ச்சும் சாராயத்துக்கு வழங்கும் சம்சு என்ற பெயரே மும்முறை காய்ச்சியது என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இப்படிப் பல நிறங்கொண்ட ஒரு வழக்கத்தைக் குடியேற்றச் சட்டம் சம்சு என்ற ஒரே தலைப்பின் கீழ்ச் சுருட்டி வைத்து, பூஜைக்கு உரியதையும் மருந்துக்கு உரியதையும் போதைக்கு உரியதையும் வித்தியாசமின்றி வருமானச் சரக்காக்கியது. தன் வீட்டுத் தேவைக்கு அரிசி மது காய்ச்சிய பெண்ணும், குத்தகைக்காரரின் ஆட்களுடைய கண்ணில், உரிமையைத் திருடிய குற்றவாளியே.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் பழைய சீனர் கடையை மறந்திருக்க மாட்டார்கள். முன்புறம் அரிசி மூட்டைகள், கூரையிலிருந்து தொங்கும் கருவாடு, மண்ணெண்ணெய்த் தகரம், தெற்றுப் பல்லைப்போல ஒழுங்கற்று அடுக்கிய சாடிகள், மணிச்சட்டத்தில் விரல் ஓடக் கணக்குப் பார்க்கும் தவுக்கே. கடன் சொன்னால் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்வார். தமிழில் நாலு வார்த்தை பேசுவார். சம்பள நாளில் கணக்கை நேர் செய்வார். அந்தக் கடை இல்லாவிட்டால் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்திராது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். அரிசிக்கும் எண்ணெய்க்கும் போகும் அதே கடையில், அதே கடன் ஏட்டில், பின்வரிசையிலிருந்த புட்டியும் ஏறியது என்பதுதான் துயரம். கடைக்காரனைத் தனியே குற்றஞ்சாட்டி இந்தத் துயரத்தை விளக்கிவிட முடியாது. புட்டி விற்கும் அதிகாரத்தை அவனுக்குத் தந்து, அதற்காகப் பணம் பெற்றுக்கொண்ட ஆட்சியையே முதலில் விசாரிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குத்தகை முறைக்கு முடிவு வந்தது. அபினியை எதிர்த்துச் சீனர் சமூகத்துக்குள்ளேயே எழுந்த இயக்கமும், உலகெங்கும் பரவிய கண்டனமும் சேர்ந்து 1907-ல் ஒரு விசாரணைக் குழுவை அமைக்கச் செய்தன. 1910-ஐ ஒட்டிக் குத்தகைக்காரர்கள் மறைந்து, அபினியைச் சர்க்காரே ஏகபோகமாக விற்கவும், சாராயத்தின் மீது நேரடியாகக் கலால் தீர்வை வாங்கவும் ஏற்பாடாயிற்று. நடுவில் நின்றவர் விலகினார்; ஆனால் கேள்வி மாறவில்லை. முன்பு குத்தகைக்காரரிடம் கேட்ட அதே கேள்வியைச் சர்க்கார் இப்போது புட்டியிடமே கேட்டு வாங்கியது. ஹாங்காங்கில் 1909-ல் நடந்தது இன்னும் தெளிவானது: அபினிக் கூடங்களை மூட வேண்டிய நிர்ப்பந்தத்தால் குறையும் வருமானத்தை ஈடு செய்வதற்கென்றே, சுங்கமற்ற அந்தத் துறைமுகத்தில் மதுவின் மீது முதன்முறையாகத் தீர்வை விதித்தார்கள். ஒரு போதையை விட்டொழிக்க எடுத்த முயற்சிக்கு இன்னொரு போதையே பணம் கட்டியது. பிரெஞ்சு இந்தோசீனாவில் கவர்னர் ஜெனரல் பால் தூமேர் 1897-க்குப் பின் உறுதிப்படுத்திய அபினி, சாராயம், உப்பு ஏகபோகங்கள் இதற்கும் ஒரு படி மேலே சென்றன. இத்தனை சாராயம் வாங்கியே தீர வேண்டும் என்று கிராமங்கள் நெருக்கப்பட்டன.

மலாயாவில் பின்னர் அமைந்த உரிமச் சட்டங்கள், கடைகளைத் தரம் பிரித்தன: மதுக்கூடத்துக்கு ஒன்று, பீர்க்கடைக்கு ஒன்று, அடைத்த புட்டியை விற்கும் சில்லறைக் கடைக்கு ஒன்று, கள்ளுக்கடைக்கு வேறொன்று. எழுத்தில் இவை இனம் பார்க்காத வகுப்புகளே. நடைமுறையிலோ ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குவளை என்று பிரிந்து நின்றன. துரைமாரின் கிளப்பில் பிராந்தியும் விஸ்கியும். சீனரின் உணவுக்கடையிலும் மளிகைக்கடையிலும் சம்சு. 1932-ல் சிங்கப்பூரிலேயே டைகர் பீர் வடிக்கத் தொடங்கிய பின் காப்பிக்கடையின் மேஜையில் பீர். தமிழ்த் தொழிலாளிக்குக் கள். ஒரே நாட்டில் ஒன்றாக உழைத்தவர்கள், மாலையில் தனித்தனிக் கொட்டகைகளில் தனித்தனியாகத் தங்கள் களைப்பைக் குடித்துத் தீர்த்தார்கள். எல்லாக் கொட்டகையிலிருந்தும் வருமானம் மட்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது.

தமிழ்த் தொழிலாளிக்கும் சீனர் கடைக்கும் உள்ள சம்பந்தம் இங்கேதான் வெளிப்படுகிறது. ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை ஏன் வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்ன விடை ஒன்று உண்டு: கள்ளை நிறுத்தினால் இவர்கள் சீனர் கடைக்குப் போய்ச் சம்சு குடிப்பார்கள், அதைவிட இது தேவலை, தவிரவும் கள்ளில் சத்து இருக்கிறது. அந்தச் சம்சுக் கடைக்கு உரிமம் கொடுத்தவர் யார் என்பதை இந்த விடை மறைத்துவிடுகிறது. ஒரு கையால் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, அந்த வாசலில் ஆபத்து இருக்கிறது, ஆகையால் மறு கையால் இன்னொரு வாசலையும் திறக்கிறேன் என்று சொல்வது எந்த வகை நியாயம்? கள்ளுக்கடை லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று நிதி ஒதுக்கப்பட்டதைப் பெருமையாகச் சொன்னார்கள். குடித்தவன் வீட்டுக் குழந்தையின் வாயிலிருந்து எடுத்ததில் ஒரு கவளத்தைத் திருப்பித் தந்ததற்குத் தர்மம் என்று பெயர் சூட்ட என் மனம் ஒப்பவில்லை.

கேட்கப்படாத கேள்விக்குத் தொழிலாளர்களே ஒருநாள் விடை சொன்னார்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, வேலை நேரக் குறைப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, இவற்றோடு ஒன்றாக, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. எவர்களுடைய இன்பத்துக்கென்று அந்தக் கடைகள் திறக்கப்பட்டனவோ அவர்களே அதை மூடச் சொன்னார்கள். கூலியையும் கௌரவத்தையும் கேட்ட அதே மூச்சில் சொன்னார்கள். சர்க்கார் கொடுத்த பதில், படையும் துப்பாக்கியுமே. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். யுத்தத்துக்குப் பின், கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் தமிழ்த் தொழிலாளர் அமைப்பினர் மதுவிலக்கைக் கையிலெடுத்துக் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்தார்கள். 1947-ல் பீடோங் பக்கத்தில் போலீசாரோடு மோதல் மூண்டது. கல்வி அறிவில்லாத கூலிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், தங்கள் தெருவில் எது இருக்க வேண்டும், எது இருக்கக்கூடாது என்று தீர்மானிக்க வல்லவர்கள் என்பதை இவ்வாறு இருமுறை நிரூபித்தார்கள்.

சுதந்திரம் வந்தது, கள்ளுக்கடைகள் மெல்ல மெல்ல மறைந்தன. ஆனால் துரைமார் பயமுறுத்திய அந்தச் சம்சு, சிறு புட்டிகளில், மலிவு விலையில், உடம்புவலிக்கு மருந்து என்று தோன்றும்படியான விளம்பரங்களோடு தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது. இதைப் பற்றி விடாமல் எழுதியும் பேசியும் வந்தது, தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019-ல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம். மனைவியை அடிக்கும் கை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, அடகுக்கடைக்குப் போன தாலி, இவற்றின் பின்னால் நின்ற அந்தச் சிறு புட்டியை நாட்டின் கண்முன் தூக்கிக் காட்டியவர்கள் அவர்கள். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மது சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலரைப் பலிகொண்டபோது, மாண்டவர்களில் பெரும்பாலோர் அந்நிய நாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். புதுக்கூலியின் நாடும் மொழியும் மாறியிருக்கின்றன. குடும்பத்தைப் பிரிந்து வந்தவனுடைய தனிமையும், அதை வைத்துப் பிழைக்கும் வியாபாரமும் அப்படியே இருக்கின்றன.

இன்றைய சட்டத்துக்கு வருகிறேன். மலேசியாவில் மதுக்கடை உரிமங்களை ஆளும் சட்டத்தின் பெயர் 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டம். பெயரைக் கவனியுங்கள். அது வரிச் சட்டம். ஒரு தெருவில் மதுக்கடை இருக்கலாமா என்ற சமூக விஷயத்தை, சுகாதாரத்தைப் பேணும் சட்டத்திலோ குடும்பநலச் சட்டத்திலோ வைக்காமல், வரி வாங்கும் சட்டத்துக்குள் வைத்திருக்கிறோம். ஃபார்குவார் ஏலம் விட்ட நாளில் வரையப்பட்ட கோடு இன்னும் அழியவில்லை. கோலாலம்பூர் மாநகர நிர்வாகம் 2020 நவம்பரில், மளிகைக்கடைகளிலும் சீன மருந்துக்கடைகளிலும் கடும் மதுவகைகளை விற்கக்கூடாது என்று ஒரு நெறியை அறிவித்தபோது எழுந்த விவாதமும் நமக்கு ஒரு பாடம். ஒரு சாரார் அதைச் சீனர் வியாபாரத்தின் மீது தொடுத்த தாக்குதல் என்றார்கள்; மற்றொரு சாரார் அதை மதாபிமானத்தின் வெற்றி என்றார்கள். அந்தக் கடைகளைச் சுற்றி வாழும் குடும்பங்கள் என்ன நினைக்கின்றன என்பது அந்த ஆரவாரத்தில் அதிகம் காதில் விழவில்லை.

முழு மதுவிலக்கே விடை என்பவர்களும் உண்டு. அவர்களுடைய தூய எண்ணத்தை நான் வணங்குகிறேன்; ஆனால் பல சமயத்தாரும் பல சம்பிரதாயத்தாரும் சேர்ந்து வாழும் நாட்டில், ஒருவருடைய படையற் கிண்ணத்தை மற்றொருவர் தட்டிவிடுவது சரியன்று. தீர்வையை மேலும் மேலும் உயர்த்தினால் போதும் என்பவர்களுக்கோ, பழைய குத்தகையின் சரித்திரமே பதில் சொல்கிறது: சட்டச் சரக்கின் விலை ஏறும்போதெல்லாம் இருட்டில் படகுகள் கரை ஒதுங்கின. வருமானம் இல்லாமல் நலத்திட்டங்கள் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள், மருத்துவமனைப் படுக்கையையும் உடைந்த குடும்பத்தையும் கணக்கின் மறுபக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நான் வேண்டுவன மூன்றே. முதலாவது, மதுவின் மீது வரி வாங்கும் இலாகாவும், மதுக்கடைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரமும் முற்றிலும் வேறு சட்டத்தின் கீழ், வேறு கைகளில் இருக்க வேண்டும். கஜானாவை நிரப்பக் கடமைப்பட்டவன் வீட்டைக் காக்கும் காவலனாகவும் இருப்பது மனித சுபாவத்துக்கு மிஞ்சிய காரியம். இரண்டாவது, உரிமம் புதிதாகத் தரப்படும்போதும் புதுப்பிக்கப்படும்போதும் அயலில் வாழ்வோரின் கருத்து, குறிப்பாகப் பெண்களின் கருத்து, சடங்குக்காகக் கேட்கப்படாமல் முடிவைத் தீர்மானிக்கும் எடையோடு கேட்கப்பட வேண்டும்; விருந்து நடக்கும் சீன உணவகத்தையும், மருந்து மது வைத்திருக்கும் கடையையும், ஏழைகளின் அடுக்குமாடி வாசலில் மலிவுப் புட்டி விற்கும் கடையையும் ஒரே தராசில் நிறுக்கும் பழைய மௌடிகம் அப்போது தானாகவே விலகும். ஏனெனில் எது எந்த இடத்தில் தீங்கு செய்கிறது என்பதை அங்கே வாழ்பவரைப்போல் அறிந்தவர் வேறு யாருமில்லை. மூன்றாவது, மதுவிலிருந்து வரும் பணத்தில் ஒரு நிலையான பகுதி, குடிநோயிலிருந்து மீள விரும்புவோரின் சிகிச்சைக்கும் அவர்கள் குடும்பங்களின் பராமரிப்புக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும்.

ஹோங் லிம் பூங்காவின் புல்வெளியில் இன்று சிங்கப்பூர்ப் பிரஜைகள், விதிகளுக்கு உட்பட்டு, நின்று தம் குறையை எடுத்துச் சொல்லலாம். அந்த நிலத்தைத் திருத்திய வெள்ளியில், பேர் எழுதி வைக்கப்படாத எத்தனையோ கூலிகளின் மாலைப் பொழுதுகள் கலந்திருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவர்களிடம் எவரும் எதையும் கேட்டதில்லை. கிள்ளானில் 1941-ல் கேளாமலே விடை சொன்னவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று வாக்குரிமை உள்ள பிரஜைகள். அடுத்த முறை அவர்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஒரு மதுக்கடை விண்ணப்பம் வரும்போது, கடைக்காரனிடம் கட்டணம் கேட்பதற்கு முன், அந்த வீடுகளின் கதவை ஒருவர் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து வரும் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பதிலுக்குச் சர்க்கார் கட்டுப்பட வேண்டும்.